உம் கொட்டாத பிள்ளை

எங்கள் வீட்டுக்குள் உருதுதான் பேசுவோம். ஆனால் கோபம் வந்துவிட்டால் என் வாயில் தமிழ்தான் வரும். பாலக்கோட்டுச் சந்தைக் கடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். திட்டுவதற்கு அதைவிட வாட்டமான பாஷை எனக்குக் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஹயாத் பாஷா ஊராரிடம் சிரித்துக்கொண்டே சொல்வார், “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஜான் பீ உருது பேசி நான் கேட்டதே இல்லீங்க” என்று. அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவர் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஜட்கா வண்டி ஓட்டினார். வெள்ளை உடம்பில் சாம்பல் தெளித்த மாதிரி ஒரு பெட்டைக் குதிரை, உயரம் குறைந்த மட்டக் குதிரை. அதற்கு அவர் வைத்த பெயர் பிஜிலி. பிஜிலி என்றால் மின்னல். அது நடப்பதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயரை நம்பியதில்லை. “மின்னல் வருது, ஒதுங்குங்கடா” என்று பஸ் ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

சித்திரை பிறந்துவிட்டால் தருமபுரியில் காக்காய்கூட வெளியே வராது. பகலில் ஜட்காவில் ஏற ஆள் கிடைக்காது. அதனால் வருஷா வருஷம் வண்டியைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்துவிட்டு, பிஜிலிக்குச் சேணம் பூட்டி, பொம்மிடிக்குப் போய் அங்கிருந்து மலைப்பாதையில் ஏறி ஏற்காட்டுக்குப் போய்விடுவோம். சீசன் முடியும் வரை அங்கேதான். காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர் உபயோகம் இல்லாத கொட்டகை ஒன்றை எங்களுக்கு விட்டிருந்தார். அதில் ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் நாங்கள்.

சீசனுக்கு வருகிறவர்களைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். வெயில் தாங்கவில்லை என்று மெட்ராஸிலிருந்தும் திருச்சியிலிருந்தும் செலவு செய்து குளிரைத் தேடி வருவார்கள். வந்து இறங்கியதும் ஐயோ குளிருதே என்று ஸ்வெட்டர் மாட்டிக்கொள்வார்கள், பிள்ளைகள் தலையில் குரங்குக் குல்லாவை இழுத்து விடுவார்கள். ஏரியில் படகு விடுவார்கள். பாறை மேல் ஏறி நின்று, பனி மூட்டத்துக்குள் ஒன்றும் தெரியாதபோதும் அதோ சேலம் தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். சுட்ட சோளம் தின்பார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் பிள்ளைகள் அடம் பிடித்துக் குதிரைக்கு வந்து சேரும். ஏரியைச் சுற்றி ஒரு சுற்று. அதுதான் எங்கள் பிழைப்பு.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது அறுபத்தேழு எலெக்‌ஷன் சமயத்தில். முதலில் பக்கவாட்டில் வருவது தெரியவில்லை. ஒருநாள் சந்தை வாசலில் பானைக்காரி செல்லியின் சட்டிபானை மேலேயே வண்டியை ஏற்றிவிட்டார். அவள் அழுத அழுகை! நான் அவளோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். “ரோட்டு மேல கடை போட்டா வண்டி வராம கப்பலா வரும்?” என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், “அவ மேல தப்பில்ல ஜானு. எனக்குத் தெரியவே இல்ல.”

சேலத்தில் கண் டாக்டரிடம் போனோம். புரை என்றால் உரித்து எடுத்துவிடலாமாம். இது நரம்பு வாடுகிற வியாதியாம், போனது போனதுதானாம், மிச்சமும் போகுமாம். சொன்னபடியே போயிற்று. வண்டியைக் கொட்டகையை விட்டு எடுக்க முடியவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை, சிரிப்பில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். என்னால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. பெற்ற பிள்ளை ஒன்று இருந்தாலாவது பேச்சுக்குத் துணையாக இருந்திருக்கும். அல்லா அதைக் கொடுக்கவில்லை.

சித்திரை வந்ததும் அவராகவே வாயைத் திறந்தார். “மலைக்குப் போவலாம்.”

“என்னா வேடிக்கையா? வாசப்படி தெரியல, மலைக்குப் போவணுமா?”

“எனக்கு எதுக்குத் தெரியணும்? பிஜிலிக்குத் தெரியும்.”

உண்மைதான். ஏரிச் சுற்று பிஜிலிக்கு மனப்பாடம். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே படகுத்துறைக் கூட்டம், எல்லாம் தெரியும். யாரும் கயிற்றை இழுக்காமலே புறப்பட்ட இடத்துக்கு வந்து நிற்கும். அவர் அதன் கன்னத்தில் இடது கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பார். பார்க்கிறவர்களுக்கு அவர் குதிரையை நடத்திக்கொண்டு போவதாகத்தான் தோன்றும். நான் பின்னால் நடப்பேன், பிள்ளை நழுவினால் பிடிக்க. எதிரே கார் வந்தால் சத்தமாக எதையாவது சொல்லித் திட்டுவேன். நான் எப்போதும் திட்டுகிறவள்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடப்பார். கண் நன்றாக இருந்த காலத்திலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. கதை கேட்கிற பிள்ளை உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்று ஏறும்போதே சொல்லிவிடுவார். முன்பு அது விளையாட்டு. இப்போது அந்த உம்தான் அவருக்குக் கண். சத்தம் மேலேயிருந்து நேராக வந்தால் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கமாக வந்தால் சரிகிறது. நடுங்கி வந்தால் பயப்படுகிறது. எல்லாவற்றையும் அதை வைத்தே தெரிந்துகொள்வார்.

ஒரே கதைதான். வெயில் தாங்காத தருமபுரி எருமை ஒன்று, குளிரை மூட்டை கட்டிக் கொண்டுவருவதற்காக ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மலையேறிய கதை. அது மலையில் இருக்கிற ஒவ்வொன்றிடமும் போய், குளிரு எங்க இருக்கு, குளிரு எங்க இருக்கு என்று கேட்கும். நீலப்பூ மரத்திடம் கேட்கும். அப்போது பிஜிலி நீலப்பூ மரத்தடியில் போய்க்கொண்டிருக்கும். முயலிடம் கேட்கும். அப்போது பங்களா ஓரத்தில் முயல் கூண்டு வரும். கடைசியில் மீனிடம் கேட்டால் பாலம் வந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் கையை நீட்டி, “அதோ பாரு கண்ணு” என்பார். பார்க்க முடியாதவர் அப்படிக் காட்டுவதைப் பின்னால் நடந்து பார்க்கிறவள் நான்.

ஒரு சீசனில் அந்த நீலப்பூ மரத்தை வெட்டிவிட்டார்கள். அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். “எங்க தாத்தா பூவு?” என்று மேலே இருந்த பெண் குழந்தை கேட்டது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, “இந்த வருசம் பூவெல்லாம் எருமைய பாக்கக் கீழ போயிருக்கு” என்று சமாளித்தார். மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுனா மாறிச்சுன்னா எனக்கு முன்கூட்டியே சொல்லிடு ஜானு. யாருக்காச்சும் தெரிஞ்சுபோச்சுன்னா எந்தத் தாயி தன் புள்ளய ஏத்துவா? அப்புறம் பிஜிலியும் இல்ல. அது போயிட்டா நான் வூட்டு மூலையில குந்த வச்ச மூட்டைதான்.”

மூட்டை என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த மழைக்காலம் ஞாபகம் வந்தது. அப்படி அவர் மறுபடி உட்காரக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷங்களில் வேறு எந்த வேண்டுதலும் இல்லை. தொழும்போது அதை மட்டும்தான் கேட்டேன்.

ஏரிக்கரையில் எங்களைத் தவிர இன்னொரு குதிரைக்காரன் இருந்தான். சவுரியப்பன். மலைக்காரன், கழுத்தில் ஜெபமாலை, வாயில் எப்போதும் கேலி. “பாய், நீ குதிரைய ஓட்டுறியா, குதிரை உன்ன ஓட்டுதா?” என்பான். சும்மா சொல்வதுதான். விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். “உன் குதிரையாவது நாலு காலுல நிக்குது, நீ நிக்க மாட்டேங்குறியே” என்று அவன் திருட்டுத்தனமாகக் கள் குடிப்பதைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

எழுபத்தொன்றாம் வருஷம் வைகாசி. சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்துகொண்டதால் கூட்டம் தாங்கவில்லை. முதல் நாள் சரிவில் புல் அறுக்கப் போன நான் கால் இடறி விழுந்தேன். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். நடக்க முடியவில்லை.

“இன்னைக்கு வேணாம். வூட்டுக்குப் போவலாம்” என்றேன்.

“கூட்டம் இருக்கிறப்ப போயி உக்காந்துக்கச் சொல்றியே. பிஜிலி இருக்கா. நீ இங்கயே இரு.”

“உங்களுக்கு என்னா கொழுப்பு! பின்னால யாரு வருவா?”

“உம் கேட்டா போதும் எனக்கு. உன் வசவு இல்லாம ஒரு நாளாவது நிம்மதியா நடக்கறேன், வுடு.”

சிரித்துக்கொண்டே போனார். காலையில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனார், பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் பாலத்துக்குப் பக்கத்தில் பிஜிலியின் வெள்ளைத் தலை தெரியும் வரை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் தைரியம் வந்தது. அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. ஆள் இளமையாகத் தெரிந்தார்.

அப்போதுதான் திருச்சிக்காரர்கள் வந்தார்கள். புருஷன், பெண்சாதி, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று. பெயர் நந்து. குரங்குக் குல்லாவுக்குள் கன்னம் இரண்டும் சிவந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“சாப்பிட்டதும் தூங்குற பிள்ளைங்க இவன். குதிரையில போகணும்னு ஒரே அடம்” என்றாள் தாய். “பத்திரமா கூட்டிட்டுப் போங்க.”

“என் புள்ள மாதிரி கூட்டிப்போறேன் தாயி” என்றார் அவர். பையனிடம், “கதை சொல்லட்டுமா கண்ணு? ஆனா உம் கொட்டணும்” என்றார்.

“உம்” என்றான் நந்து. எல்லோரும் சிரித்தோம். குதிரை புறப்பட்டது.

அதற்கப்புறம் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. ஆனாலும் நானே பார்த்தது மாதிரி இருக்கிறது, அதனால் சொல்கிறேன். பங்களா ஓரத்தில், முயல் கூண்டுக்கு எதிரே பிஜிலி நிற்கும். அங்கே மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழும், ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போகும். அது வருஷக்கணக்கான வழக்கம். வழக்கம்போல நின்றது. அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். “அதோ பாரு கண்ணு, வெள்ள முயலு. எருமை அதுங்கிட்ட போயிக் கேட்டுச்சாம், குளிரு எங்க இருக்குன்னு.” அந்த இடத்தில் மண் மேடு சேணத்துக்குச் சரியாக இருக்கும். பையன் உம் என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கி மேட்டில் வைத்து இறங்கி முயலைப் பார்க்கப் போய்விட்டான். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. பிஜிலி தண்ணீர் குடித்து முடித்தது. நடந்தது.

அடுத்த உம் வரவில்லை. அவர் காத்திருந்தார். வரவில்லை. தூங்குகிற பிள்ளை என்று தாய் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. ஏரிக் காற்றில் சேணத்தின் முன்கட்டையில் சாய்ந்து தூங்கிவிடுகிற பிள்ளைகள் எத்தனையோ. அப்படி யாராவது தூங்கிவிட்டால் அவர் பிஜிலியின் கன்னத்தை லேசாகத் தட்டுவார், அது அடி மேல் அடி வைத்து நடக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கதையை மட்டும் நிறுத்தாமல் சொல்லுவார், நிறுத்தினால் பிள்ளை விழித்துவிடும் என்று. அன்றும் அதைத்தான் செய்தார்.

பாலத்துப் பக்கம் பிஜிலியின் தலை தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் சேணம் தெரிந்தது.

சேணத்தின் மேல் யாரும் இல்லை.

பாலத்திலிருந்து நான் உட்கார்ந்திருந்த கல் வரைக்கும் கரையெல்லாம் ஜனம். சோளம் தின்கிறவர்கள், படகுக்குக் காத்திருக்கிறவர்கள், போட்டோவுக்கு நிற்கிறவர்கள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. அந்த அமைதிக்குள் அவர் வந்தார், குனிந்து, அடி அளந்து, மெல்லிய குரலில் காலியான சேணத்துக்குக் கதை சொல்லிக்கொண்டு. “மீனு சொல்லுச்சாம், நான் தண்ணிக்குள்ளயே இருக்கேன், எனக்குக் குளிருன்னா என்னான்னே தெரியாதுன்னு...” யாரோ ஒரு பையன் கெக்கெக்கே என்று சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டில் விரலை வைத்து, “ஷ்... புள்ள தூங்குது” என்றார்.

அல்லாவே, அதைப் பார்ப்பதற்கா எனக்குக் கண் கொடுத்தாய் என்று நினைத்தேன்.

“நந்து எங்கே?” என்று தாய் அலறினாள். “என் பிள்ளை எங்கே? ஏரியில விழுந்துட்டானா?”

அவர் கை சேணத்தின் மேல் போனது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. முன்கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். “முயல் பாக்க எறங்கியிருப்பான்மா, ஒண்ணும் ஆயிருக்காது” என்று கத்தினேன்.

“இறங்குறதைப் பார்த்துக்கிட்டே விட்டுட்டு வந்தாரா இந்த ஆளு?” என்றார் தகப்பன்.

“தண்ணி போட்டிருக்கான் சார். வர்றப்பவே தனக்குத்தானே பேசிக்கிட்டு வந்தான்” என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். “குடிகாரப் பயலுங்ககிட்ட பிள்ளையைக் கொடுக்கலாமா?” என்று இன்னொருவன். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

குடிகாரன் என்று அவர்கள் நினைத்திருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். அடுத்த வருஷம் வேறு ஜனம் வரும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை.

“குடிக்கலீங்க” என்றார். “எனக்குக் கண்ணு தெரியாதுங்க. புள்ள எங்க எறங்குனான்னு நான் பாக்கல. கடைசியா உம் சொன்னது முயல் கூண்டுகிட்ட. அங்க பாருங்க, அப்புறம் அங்கேர்ந்து பாலம் வரைக்கும் தண்ணி ஓரமா பாருங்க. சீக்கிரம் பாருங்கய்யா.”

சட்டையைப் பிடித்த கை விலகியது. சவுரியப்பன் தன் குதிரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். படகுக்காரர்கள் துடுப்பை எடுத்துக்கொண்டு கரையோரமாகப் போனார்கள். தாய் அழுதுகொண்டே ஓடினாள். நின்றவர்களில் ஒரு கனவான், கம்பளிக் கோட்டுக்காரர், என் வீட்டுக்காரர் முகத்துக்கு எதிரே கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “ஆமா, நிஜம்தான்” என்றார். அந்தக் கோட்டுக்காரர் கையைப் பிடித்து ஏரியில் தள்ளலாமா என்று வந்தது எனக்கு. வாயிலோ ஒரு வார்த்தை வரவில்லை, தமிழும் இல்லை, உருதும் இல்லை.

சவுரியப்பன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். குல்லா முழுக்கப் புல். கூண்டுக் கம்பிக்குள் கையை விட்டு முயலுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தானாம். தாய் அவனை வாங்கி முத்தம் கொடுத்தாள், முதுகில் அடித்தாள், மறுபடி முத்தம் கொடுத்தாள்.

“தாத்தாதான் முயலைப் பாருன்னாரு” என்று பையன் அழுதான். “நான் உம் சொன்னேன். தாத்தா போயிட்டாரு.”

பையனின் குரல் வந்த பக்கம் அவர் இரண்டு கையையும் நீட்டினார். தாய் பிள்ளையை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தகப்பனும் நல்ல மனுஷன்தான், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போகும்போது, “இப்படி இருக்கிறவங்க இந்த வேலைக்கு வரக் கூடாதுங்க” என்று மட்டும் மரியாதையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

மறுநாள் விடியும் முன்பே பிஜிலிக்குக் கொள்ளு வைத்தார், உடம்பைத் தேய்த்தார், சேணத்தைத் துடைத்தார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் இடத்தில் போய் நின்றோம். அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். பிள்ளைகள் ஓடிவந்தன. பின்னாலேயே தாய்மார்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். “அந்தக் குதிரை வேண்டாம், வா.” சவுரியப்பனிடம் வரிசை நின்றது. அவன் ஒரு குடும்பத்தை, “எனக்கு முடியல, அங்க போங்க, நல்ல குதிரை” என்று எங்கள் பக்கம் அனுப்பினான். அவர்கள் வந்தார்கள், சோளம் விற்கிறவள் ஏதோ சொன்னாள், திரும்பிப் போய்விட்டார்கள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார், அவர்கள் வருகிற செருப்புச் சத்தத்தையும், திரும்பிப் போகிற செருப்புச் சத்தத்தையும்.

மத்தியானம் சவுரியப்பன் வந்தான். கேலி எதுவும் இல்லை. குல்லாவைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

“இத்தினி வருசமா நான் பேசுன பேச்சுக்கு என் நாக்கு அழுவணும் பாய்” என்றான். “எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

“உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்பா அத்தனை பாடும்” என்றார் அவர். பிறகு, “சவுரியப்பா, பிஜிலிய நீ வச்சிக்க” என்றார்.

“என்னாங்க சொல்றீங்க?” என்று நான் கத்தினேன்.

“கீழ கொண்டுபோனா எவனாச்சும் வாங்கிக் கல்லு வண்டியில பூட்டுவான் ஜானு. இங்க இருந்தா புள்ளைங்கள சுமக்கும்.” அவர் சவுரியப்பனின் கையைத் தேடிப் பிடித்துக் கயிற்றை அதில் வைத்தார். “முயல் கூண்டுகிட்ட நிக்கும். அடிக்காத. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அதுவா வரும். புள்ள தூங்கிட்டா கன்னத்துல மெதுவா தட்டு, போதும்.”

சவுரியப்பன் அழுதான். அவர் அழவில்லை. பிஜிலியின் நெற்றியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அது அவர் தோளை மோந்து பார்த்தது. நாங்கள் புறப்பட்டதும் அதுவும் கூடவே நடக்கப் பார்த்தது. சவுரியப்பன் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அதன் குளம்புச் சத்தம் நின்ற இடத்தில் அவரும் நின்றார். பிறகு நடந்தார்.

பொம்மிடிக்கு இறங்குகிற பாதை. என் கால் வீக்கம் வடியவில்லை. ஒரு கையில் கோல், மூட்டை முடிச்சு தலையில். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். காப்பித் தோட்டம் முடிந்து மூங்கில் தொடங்கியது. இறங்க இறங்க வெயில் ஏறியது. மலையை விட்டு இறங்குவதற்குள் அவர் மூட்டையாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம். எதையாவது சொல்லித் திட்டினால் பதில் சொல்வார் என்று, பாதையைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், அந்தக் கோட்டுக்காரனைத் திட்டினேன். வெகுதூரம் வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“அந்தப் புள்ள முயல்கிட்டயே எறங்கிட்டான் இல்ல?”

“அதுக்கு என்னா இப்போ?”

“எருமைக்குக் குளிரு கெடச்சுதா இல்லியான்னு அவனுக்குத் தெரியாம போச்சே ஜானு. பாதிக் கதையோட ஊருக்குப் போயிருப்பான்.”

ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது, குதிரை போயிற்று, பிழைப்புப் போயிற்று. இந்த மனுஷருக்கு இருக்கிற கவலை அதுதானா?

“சொல்லுங்க” என்றேன். “எனக்குச் சொல்லுங்க.”

“உனக்குத் தெரியாத கதையா?”

“திட்டிக்கிட்டு வந்தவளுக்குக் கதை எங்க காதுல வுழுந்துச்சு? முயல்லேர்ந்து சொல்லுங்க.”

பொய்தான். ஒரு எழுத்து விடாமல் எனக்குத் தெரியும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முயல், காத்துகிட்ட கேளு என்றதாம். நான் உம் என்றேன். காத்து, மீனுகிட்ட கேளு என்றதாம். உம். மீன் தனக்குத் தெரியாது என்றதாம். உம். கடைசியில் எருமைக்கே கோபம் வந்து, சாக்கை விரித்துப் பனிக்கு நடுவில் பிடித்து, இழுத்துக் கட்டி, முதுகில் போட்டுக்கொண்டு மலையை விட்டு இறங்கியதாம். இதே பாதையில், பொம்மிடி வழியாக. உம், உம். அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குரலாக வந்தது. ஒரு திருப்பத்தில் பழக்கத்தில் கையை நீட்டி, “அதோ பாரு” என்றுகூடச் சொன்னார். நான் பார்த்தேன். காய்ந்த மூங்கில்தான்.

“தருமபுரிக்கு வந்து சேர்ந்துச்சாம். வூட்டுல எல்லாரையும் கூப்புட்டுச்சாம், குளிரு கொண்டாந்திருக்கேன், வாங்கன்னு. எல்லாரும் வந்து சுத்தி நின்னாங்களாம். சாக்க அவுத்துச்சாம். உள்ள ஒண்ணுமே இல்லியாம். வெறுஞ் சாக்கு. எல்லாரும் சிரிச்சாங்களாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா மூட்டை இருந்த எடத்துல, எருமையோட முதுகு மட்டும் சில்லுனு இருந்துச்சாம்.”

நான் உம் சொல்ல வேண்டிய இடம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணிலிருந்து வழிவது குரலில் தெரிந்துவிடும் என்று பேசாமல் வந்தேன்.

பின்னால் அவர் காலடி நின்றது. என் தோளில் இருந்த கை பதறி எழுந்து, என் தலையைத் தடவியது, மூட்டையைத் தடவியது, முகத்துக்கு வந்தது.

“ஜானு? இருக்கியா?”

“உம்” என்றேன்.